இடியப்பம் ஓர் அமெரிக்கச் சாப்பாடு

என் தம்பி அமெரிக்காவில் இருந்த காலம் முழுக்க அமெரிக்காவைத் திட்டிக்கொண்டே இருந்தான். வேலை போய், பெட்டி படுக்கையோடு லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் அவன் அமெரிக்கன் ஆனான்.

இதை நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. சரி, நக்கலுக்கும்தான். ஆனால் நடந்தது அதுதான். முதலில் திறந்த பெட்டியிலிருந்து வெளியே வந்தது ஓர் அமெரிக்கக் கொடி. நியூ ஜெர்சியில் அவர்கள் இருந்த வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே மாட்டியிருந்தது ஒரு கோயில் கலண்டரும், கல்யாணப் படமும், யாரோ கொடுத்த பனையோலை விசிறியும்தான். இந்தக் கொடி விமான நிலையத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், மடிப்புக்கூடக் கலையவில்லை. அதை என் முன்னறை ஜன்னலில், நான் பார்த்துப் பார்த்து வாங்கிய திரைச்சீலைக்கு மேலே கட்டினான்.

"அக்கா, ஆறு மாசம்தான். பேந்து நாங்கள் திரும்பிப் போயிடுவம். அதுவரைக்கும் பிள்ளையள் தாங்கள் ஆர் எண்டதை மறக்கக் கூடாது" என்றான், ஸ்டூலில் நின்றபடியே.

பிள்ளைகள் இரண்டும் பெட்டைகள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. தாங்கள் யார் என்பதை மறந்துவிடக் கூடிய அந்த இரண்டில் பெரியவள் கழற்றிய காலணியோடு என்னிடம் வந்து, "மாமி, சப்பாத்தை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். அசல் யாழ்ப்பாணத் தமிழ். என்னுடைய மகன் லண்டனில் பிறந்து வளர்ந்து யூனிவர்சிட்டிக்கும் போய்விட்டான், இன்றுவரை என்னிடம் அப்படி ஒரு முழு வசனம் பேசினது கிடையாது.

நிலவரம் இதுதான். தம்பி இங்கே லண்டனில் அகதியாக வந்து, படித்து, பிரிட்டிஷ்காரனாகி, பிறகு ஒரு கம்பனி அனுப்பி அமெரிக்காவுக்குப் போனவன். அந்தக் கம்பனி இருந்ததால்தான் அவனுக்கும் அவன் மனைவிக்கும் அங்கே இருக்க அனுமதி. கம்பனி அவனுடைய பிரிவை இழுத்து மூடியதும் அனுமதியும் மூடிக்கொண்டது. பிள்ளைகள் மட்டும் அங்கே பிறந்தவர்கள். ஆகவே அந்தக் குடும்பத்தில் நான்கு பேரில் அமெரிக்கர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் அப்போது பல் விழுந்துகொண்டிருந்தது.

அங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துப் பெருமையடிப்பான். "அக்கா, எங்கட வீட்டில இங்கிலிஷ் கதைக்க ஏலாது. கதைச்சா டிவி இல்லை." சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிறு பரதநாட்டியம், பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு டப்பாவில் புட்டு. ஹாலோவீன் வந்தால் வெளி லைட்டை அணைத்துவிட்டு, மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டுகிற பிள்ளைகளுக்குக் கேட்காமல், குடும்பமே பின்னறையில் இருந்து தேவாரம் படித்ததாக மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, ஒருமுறை சொன்னாள். பக்கத்து வீட்டார் பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டால் இன்றைக்கு விரதம் என்பான். அமெரிக்காவில் அவன் விரதம் பிடிக்காத கிழமையே இருக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவன் பிளேஸ்டோவுக்கு வந்த இரண்டாவது வாரம் பாடசாலை தொடங்கினான். தலைமையாசிரியரும் அவனே, இன்ஸ்பெக்டரும் அவனே. எங்கள் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் டியூஷன் வைக்க வேண்டும். கணக்குக்கு வைப்போம், வயலினுக்கு வைப்போம், நீச்சலுக்கு வைப்போம். ஒரு நாட்டுக்கு டியூஷன் வைத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

காலையில் பால் குடிக்க முதல் கொடிக்குக் கீழே நிற்க வேண்டும். நெஞ்சில் கை வைத்து அந்த நாட்டு உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் தினமும் சொன்னவர்கள், தண்ணீர்பட்டபாடு. தம்பிக்குத்தான் பாடமில்லை. கோயிலில் தேவாரம் தெரியாதவர்கள் வாயை மட்டும் அசைப்பதுபோல அசைத்துக்கொண்டு நின்றான். "அப்பா, கை மற்றப் பக்கம்" என்று சின்னவள் திருத்தினாள். என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு படியிறங்கி வருகிற நேரமும் அதுதான். அவர் பாவம், எந்த நாட்டுச் சடங்கென்றாலும் மரியாதைக்கு நிற்கிற ஆள். கோப்பையைப் பிடித்தபடி படியிலேயே நின்றுவிடுவார். தேத்தண்ணி ஆறிவிடும், பிறகு அதை நான்தான் சூடாக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் மாநிலங்களும் தலைநகரங்களும். சோற்றைப் பிசைந்தால் ஒரு மாநிலம், கறியைத் தொட்டால் அதன் தலைநகரம். சனிக்கிழமைகளில் பூங்காவுக்குப் போய், உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்தை எறிந்து பிடிப்பார்கள். அதை எப்படி விளையாடுவது என்று தம்பிக்கும் தெரியாது. மூன்று பேரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள், சில வேளை யாருடையவோ நாயும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் பிஸ்கட் என்று சொல்லக் கூடாது, குக்கி என்று சொல்ல வேண்டும். நான் பிஸ்கட் என்றுதான் சொன்னேன். என் வீடு, என் பிஸ்கட்.

ஜூலை நாலாம் திகதி வந்தது. அமெரிக்காவுக்குச் சுதந்திர நாள், வெடி கொளுத்தியே ஆக வேண்டும் என்று நின்றான். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் வெடி கிடைக்கவில்லை. கடைசியில் என் படிக்குக் கீழே இருந்த அலுமாரியில் போன தீபாவளிக்கு மிஞ்சிய மத்தாப்புப் பெட்டி கிடைத்தது. ஈரம் பிடித்துப் போயிருந்தது. பத்துக் கொளுத்தினால் ஒன்று பற்றியது, அதுவும் இருமலோடு. சின்னவள் மத்தாப்பைக் கண்டதும் பழக்கதோஷத்தில் "ஹாப்பி தீபாவளி" என்று கத்திவிட்டாள். தம்பி தலையில் கை வைத்தான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டார். அமெரிக்கச் சுதந்திரம் என்றேன். யாரிடமிருந்து என்று கேட்டார். உங்களிடமிருந்துதான் என்றேன். கிழவர் கொஞ்சம் யோசித்தார். அந்தச் சண்டையில் தாங்கள் தோற்றுப்போனது உண்மைதான், ஆனாலும் அதில் தனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்றார். ஒரு தட்டில் கட்லட் வைத்துக் கொடுத்தேன், சமாதானமாகப் போய்விட்டார்.

ஆறு மாதம் முடிந்தது. தம்பி மாலையானால் லாப்டாப்புக்கு முன்னால் இருந்து அமெரிக்கக் கம்பனிகளோடு இன்டர்வியூ பேசினான். மேலே கோட்டும் டையும், கீழே சாரம். எல்லோரும் அவனை நல்லவன் வல்லவன் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள், ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. மச்சாள் பக்கத்திலுள்ள ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் வயோதிபர் இல்லமொன்றில் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினாள். அவள் கெட்டிக்காரி. வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலே, பிள்ளைகளுக்கு லண்டன் குளிருக்குத் தோதான கோட் வாங்கி வந்து கொழுவினாள்.

பெரியவள் இங்கே பள்ளிக்கூடத்தில் பட்டது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவளுடைய வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். அதுகளுக்கு இவள் பேசுகிற இங்கிலிஷைக் கேட்டாலும் சிரிப்பு, தமிழைக் கேட்டால் இன்னும் சிரிப்பு. அம்மா அப்பா மாமா மாமி தவிர மிச்சமெல்லாம் இங்கிலிஷில் பேசுகிற பிள்ளைகள். இவளோ "எனக்கு ஏலாது, நான் வரேல்லை" என்று என் வயதுக்காரி மாதிரிப் பேசுவாள். "அமெரிக்கன்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். உண்மையான அமெரிக்கனுக்கு அதையே பட்டமாக வைத்து அழ வைக்க லண்டன் பிள்ளைகளால்தான் முடியும்.

நவம்பரில் பள்ளிக்கூடத்தில் ஒரு கலாசார மாலை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை. குடும்பங்கள் தங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்து, உடுப்பு உடுத்து நிற்க வேண்டும். தம்பி கேட்ட உடனே அமெரிக்க மேசைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். முழுப் பள்ளிக்கூடத்திலும் அந்த மேசைக்கு வேறு ஆள் கிடையாது. ஹாட் டாக், ஆப்பிள் பை, சோளப்பொரி என்று திட்டம் போட்டான். இரண்டு பிள்ளைகளுக்கும் மாடு மேய்க்கிறவர்களின் தொப்பி வேறு.

அதற்குச் சில நாள் முந்தி நான் பார்மசி வேலை முடிந்து வந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். பெரியவள் வந்து பக்கத்தில் நின்று இடியப்பத் தட்டுகளை அடுக்கித் தந்தாள். பிறகு கேட்டாள்.

"மாமி, நான் எந்த மேசையில நிக்கிறது?"

"அப்பா அமெரிக்க மேசை எண்டு சொல்லிப்போட்டார் எல்லோ."

"அங்க தனிய நிக்கோணும். தமிழ் மேசையில எல்லாரும் நிக்கினம். நான் கேட்டனான். நீ அமெரிக்கன்தானே, அங்க போ எண்டு சொல்லிப்போட்டினம்." அடுத்த தட்டை எடுத்து நீட்டினாள். "மாமி, அமெரிக்காவில இருக்கேக்க அப்பா யாழ்ப்பாணம் படிப்பிச்சார். இங்க வந்தா அமெரிக்கா படிப்பிக்கிறார். நாங்கள் இருக்கிற இடத்தை எப்ப படிப்பிப்பார்?"

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. என்னுடைய மகனை இந்த லண்டனில் வளர்த்தபோது நானும் எந்த லண்டனைச் சொல்லிக்கொடுத்தேன்? அவனுக்குக் காங்கேசன்துறைப் பாதையின் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லத் தெரியும். பிளேஸ்டோவுக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்பதை அவனாகத்தான் கண்டுபிடித்தான்.

தம்பியைப் பின்வளவுக்குக் கூப்பிட்டுப் போய் ஏசினேன். எனக்கு வாய் நீளம், அதை நான் மறைக்கிறதில்லை. "என்னடா, அந்தப் பிள்ளை ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு தனிய நிண்டு ஆருக்குக் காட்டப்போகுது? நீயே அங்க ஒரு நாளும் ஹாட் டாக் கண்டிருக்க மாட்டாய். விரதம் பிடிச்சவன் எல்லோ நீ!"

அவன் திருப்பி ஏசுவான் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியும் தானே. குரொய்டனில அகதி விசாரணைக்குக் கியூவில நிண்டம். நீங்களும் ஃபிளாஸ்க்கோட பக்கத்தில நிண்டனீங்கள். ஒரு நாடு தாங்கோ எண்டு கேட்டுக் கேட்டு எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. இந்த ரெண்டுக்கும் பிறந்த அண்டைக்கே ஒரு நாடு குடுத்தாங்கள். ஒரு கேள்வி கேக்கேல்லை அக்கா. ஏன் வந்தனீ எண்டு கேக்கேல்லை. அதை நான் துலைச்சுப்போட்டன் எண்டு இதுகள் பிறகு சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு நான் என்னத்தை ஏசுவது. உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். தண்ணீர் வற்றி, கடைசித் தட்டு இடியப்பம் கருகிப்போயிருந்தது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமும் போகவில்லை, பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். அன்றைக்கு வீட்டிலுள்ள சட்டி முழுக்கப் பளபளத்தது.

கலாசார மாலையன்று பார்த்து, அதே நேரத்துக்குத் தம்பிக்கு ஓர் இன்டர்வியூ வந்தது. மச்சாளுக்கு ஷிப்ட். "அக்கா, நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் முடிச்சுக்கொண்டு ஓடி வாறன். ஹாட் டாக் ஃபிரிட்ஜில இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாரத்தோடு மேலே போய்க் கதவைச் சாத்தினான்.

நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பெரியவள் வந்து அதைச் சாத்தினாள்.

"மாமி, உது வேண்டாம். இராச்சாப்பாட்டுக்கு அவிச்ச இடியப்பத்தைத் தாங்கோ. சொதியும் சம்பலும் தாங்கோ."

"அது தமிழ் மேசைக்கெல்லோ பிள்ளை?"

"இல்லை. நாங்கள் அமெரிக்காவில வெள்ளிக்கிழமையில உதுதான் சாப்பிட்டனாங்கள்."

அவள் கண்ணைப் பார்த்தேன். குழப்படி செய்கிற பிள்ளையின் கண் அல்ல அது. சத்தியம் செய்கிற பிள்ளையின் கண். தேங்காய்ப்பால் சொதியை ஒரு மூடி போட்ட சட்டியில் ஊற்றித் துவாயால் சுற்றினேன். இடியப்பத்தைப் பெரிய டப்பாவில் அடுக்கினேன். பஸ்ஸில் முழுவதும் சொதி என் மடியில்தான் இருந்தது, ஒவ்வொரு வளைவுக்கும் நான் முருகனைக் கூப்பிட்டேன்.

மண்டபத்தில் அமெரிக்க மேசை ஒரு மூலையில் இருந்தது, கழிவறைக்குப் போகிற வழியில். பெரியவள் ஜன்னலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த கொடியை விரித்தாள். அதன்மேல் இடியப்பம், சொதி, சம்பல். பள்ளிக்கூடம் தந்த அட்டையில் கொட்டை எழுத்தில் இங்கிலிஷில் எழுதி நிறுத்தினாள்: அமெரிக்கச் சாப்பாடு. சின்னவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு நின்றாள்.

எதிர்ப்பக்கத்தில் தமிழ் மேசை. பட்டுச்சேலையும் வேட்டியும் ஜொலித்தன. ஆனால் சாப்பாட்டைப் பார்த்தேன்: சமோசா, ஃப்ரைட் ரைஸ், மேலே கலர் தூவின கப் கேக். பிள்ளைகள் வேறு எதையும் சாப்பிட மாட்டார்களாம். மேசைக்குப் பொறுப்பாக நின்ற அன்ரி ஒருவர் எங்கள் அட்டையைத் தூரத்திலிருந்தே வாசித்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை இது? இது எங்கட சாப்பாடெல்லோ?"

"ஓம் அன்ரி" என்றாள் பெரியவள். "எங்கட சாப்பாடுதான். நாங்கள் அமெரிக்கர்."

அன்ரி என்னைப் பார்த்தார். நான் சம்பலைக் கிளறினேன்.

பிறகு ஒரு நைஜீரியத் தகப்பன் வந்து சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வந்தார். வங்காளத் தாய்மார் சொதியைக் கேட்டு வாங்கினார்கள். கடைசியில் அந்தத் தமிழ்ப் பிள்ளைகள், அமெரிக்கன் என்று பட்டம் வைத்த அதே பிள்ளைகள், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு பொடியன் இடியப்பத்தைச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, இதை எங்கள் வீட்டிலும் செய்வார்கள், நீங்கள் அமெரிக்காவிலும் செய்வீர்களா என்று இங்கிலிஷில் கேட்டான். "ஓம், ஒவ்வொரு கிழமையும்" என்று இவள் தமிழில் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, வாய் நிறையச் சாப்பாடு.

தம்பி அப்போதுதான் வந்தான். மேலே டையும் கோட்டும், சாரத்துக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட ஒரு ஓட்டப் பயிற்சிக் காற்சட்டை. இன்டர்வியூ எப்படி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது. மேசையைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பெரியவள் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் இப்போது கத்தினால், எதிர்மேசைக்கு முன்னால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை டீச்சர் தட்டோடு வந்து சேர்ந்தார். இது உண்மையிலேயே அமெரிக்கச் சாப்பாடா என்று சிரித்துக்கொண்டே தம்பியிடம் கேட்டார்.

தம்பி டையைச் சரிசெய்தான். "ஆம்" என்றான் இங்கிலிஷில். "அமெரிக்காவில் நாங்கள் சாப்பிட்டது இதுதான்." பிறகு மகளிடமிருந்து கரண்டியை வாங்கி, டீச்சருக்குச் சொதி ஊற்றினான். கொஞ்சம் கொடியிலும் ஊற்றினான். அந்த மஞ்சள் கறை பிறகு எத்தனை தோய்ச்சலுக்கும் போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் தாங்ஸ்கிவிங் என்ற அமெரிக்க நன்றித் திருநாள் வந்தது, அந்த வழக்கப்படி நானும் வான்கோழி சமைத்தேன். மேசையைச் சுற்றி இருந்து ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டும், அதுதான் முறை என்று சின்னவள் அறிவித்தாள். எங்கள் வீடுகளில் வீட்டாருக்கு நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் மழை விட்டதற்கு நன்றி சொல்லித் தப்பினார். தம்பியின் முறை வந்தபோது என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான். "அக்கா, வான்கோழிக்கு உறைப்புக் காணாது" என்றான். எனக்கு விளங்கியது. இன்னொரு துண்டு வைத்தேன்.

தைமாதம் அவனுக்கு வேலை கிடைத்தது, அமெரிக்காவில் அல்ல, லண்டனின் தெற்கே டூட்டிங்கில். குடும்பமாக அங்கே குடிபோனார்கள். கொடியை எடுத்துப்போக மறந்துவிட்டான், அல்லது மறந்ததுபோல விட்டுவிட்டான். மேல்மாடி அறை திரும்பவும் காலி. காலையில் என் வீட்டுக்காரர் கோப்பையோடு வந்து அதே படியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறார். தேத்தண்ணியைத் திரும்பவும் நான்தான் சூடாக்குகிறேன்.

போன கிழமை பெரியவள் போன் எடுத்தாள். அப்பா இப்போது வீட்டில் புதுப் பாடம் நடத்துகிறாராம். பிளேஸ்டோவில் பூங்கா எப்படி இருந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தா என்ன சொன்னார், மாமி எப்படி ஏசுவார் என்றெல்லாம் சின்னவளிடம் கேள்வி கேட்கிறாராம். டூட்டிங்கில் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடை இருக்க, பிளேஸ்டோ இடியப்பம் மாதிரி எங்கேயும் வராது என்கிறாராம்.

"மாமி, இந்தப் பள்ளிக்கூடத்திலயும் மேசை வைக்கினம். இடியப்பம் அவிச்சுக்கொண்டு வருவீங்களோ?"

"வாறன் பிள்ளை. அமெரிக்க மேசையோ, தமிழ் மேசையோ?"

"ரெண்டும் இல்லை. என்ர மேசை. அட்டை எழுதிப்போட்டன். பிளேஸ்டோச் சாப்பாடு."

போனை வைத்துவிட்டு முன்னறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். என் தம்பி எப்போதும் விட்டுவிட்டு வந்த நாட்டைத்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பான். இந்த முறை அது நான். அழுதுவிட்டு எழும்பிப் போய், ஒரு சொட்டும் சிந்தாத மூடியுள்ள ஒரு சொதிச் சட்டியைத் தேடினேன். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி, நோர்தர்ன் லைனுக்கு மாறி, அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.